ஸ்பிளெண்டருக்கும் டிராக் ரேஸ்! காசு ஜெயிக்காமல் கைவேலை ஜெயிக்க என்ஜின் விதி எப்படி இருக்க வேண்டும்?

ரிஷிவந்தியம்:-

ரிஷிவந்தியம் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். பால் கேன் கட்டிய வண்டி, பின் சீட்டில் உர மூட்டை ஏற்றிய வண்டி, கட்டிட வேலைக்கு மூன்று பேராக தொத்திக்கொண்டு போகும் வண்டி என்று வரிசையாக வரும். அதில் பெரும்பாலும் 100 சிசி மோட்டார் சைக்கிள்தான்.

அதே வண்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேறு வேஷம் கட்டும். சைலன்சரில் இருக்கும் தடுப்பை பிடுங்கிவிட்டு, கண்ணாடியை கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, ‘உன் வண்டியா, என் வண்டியா’ என்று வாலிபர்கள் முறுக்கத் தொடங்குவார்கள். உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாக சேலம் போகும் நான்கு வழிச்சாலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த நேரான ரோட்டை பார்த்தால் ஆசை யாருக்கும் வரும். ஆனால் எதிரில் கரும்பு டிராக்டர் வந்தால் என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

ரோட்டில் ரேஸ் விடாதே என்று போலீசார் சொல்கிறார்கள். பெற்றவர்கள் அழுகிறார்கள். சரி, ரோட்டில் விடக்கூடாது என்றால் எங்கே விடுவது? காசுள்ளவனுக்கு டிராக் இருக்கிறது. 100 சிசி வண்டி வைத்திருப்பவனுக்கு என்ன இருக்கிறது?

இந்த வண்டிகளுக்கென்றே டிராக் ரேசில் ஒரு புது கிளாஸ் தொடங்கினால், அதன் என்ஜின் விதிகள் எப்படி இருந்தால் ஏழை வீட்டுப் பையனும் நிற்க முடியும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மாட்டு வண்டிக்கு இருக்கும் நியாயம்

டிராக் ரேஸ் என்பது ஒன்றும் புரியாத சங்கதி இல்லை. இரண்டு வண்டி பக்கத்து பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். வளைவு கிடையாது, நேர்கோடு மட்டும். கோட்டை யார் முதலில் தாண்டுகிறாரோ அவர் அடுத்த சுற்றுக்கு போவார்.

பொள்ளாச்சி, கோவை பக்கம் நடக்கும் ரேக்ளா பந்தயமும் கிட்டத்தட்ட இதேதான். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து, நேரம் பார்த்து பரிசு கொடுப்பார்கள். தென் மாவட்டங்களில் மாட்டு வண்டி பந்தயம் நடந்தால் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாக பிரித்துத்தான் விடுவார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை கட்டி ஓட விட்டால் ஊரே சிரிக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் அதே நியாயம்தான். அதற்கு பெயர்தான் கிளாஸ்.

அமெரிக்காவில் ரோட்டில் கார் ரேஸ் விட்டுக்கொண்டிருந்த வாலிபர்களை ஓடுதளத்துக்குள் கொண்டு வரத்தான் 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பை தொடங்கினார். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம் அங்கிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது. 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் விபத்தில் இறந்த பிறகு, அதிவேக கார்களுக்கு அந்த தூரத்தை சுமார் 305 மீட்டராக குறைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் எப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற சம்மேளனம்தான் மோட்டார் பந்தயங்களுக்கு அனுமதியும், ஓட்டுபவர்களுக்கு லைசென்சும் கொடுக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தய ஓடுதளத்தில் தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் நடந்திருக்கின்றன. அங்கே 2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக் என்று பிரித்து, அதற்குள் சிசி வாரியாகவும் கிளாஸ் வைத்திருக்கிறார்கள். உச்சியில் 1000 சிசிக்கு மேற்பட்ட வெளிநாட்டு வண்டிகள் சீறும். நம்ம ஊர் பையன் அதை போய் வேடிக்கை பார்க்கலாம். அவ்வளவுதான்.

சிசி ஒன்றுதான், ஓட்டம் வேறு

‘100 சிசி வண்டி எல்லாம் வரலாம்’ என்று ஒரே வரியில் விதி எழுதினால் என்ன ஆகும்? முதல் நாளே தகராறுதான்.

பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 98 சிசி. ஹீரோ ஸ்பிளெண்டர் 97.2 சிசி. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆர்.எக்ஸ்.100 கொடுப்பது 11 குதிரைத்திறன். ஸ்பிளெண்டர் கொடுப்பது சுமார் 8. காரணம், ஆர்.எக்ஸ். 2 ஸ்ட்ரோக். கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் உள்ளே ஒரு வெடி வெடிக்கும். ஸ்பிளெண்டர் 4 ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான்.

அதனால் 2 ஸ்ட்ரோக் வண்டியை இந்த கிளாசில் சேர்க்கவே கூடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. நல்ல வண்டி கிடைத்தால் சொல்லும் விலை கேட்டு தலை சுற்றும். விலை ஏறிக்கொண்டே போகும் வண்டியை வைத்து ஏழைக்கு கிளாஸ் நடத்த முடியாது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது ஸ்பிளெண்டரில் கார்ப்பரேட்டர் கிடையாது. பெட்ரோல் ஊற்றும் வேலையை எலக்ட்ரானிக் பெட்டி பார்த்துக்கொள்கிறது. அந்த பெட்டிக்குள் என்ன மாற்றி எழுதினார்கள் என்பதை ஸ்பேனர் வைத்து கண்டுபிடிக்க முடியாது. லேப்டாப் வைத்திருப்பவன் ஜெயிப்பான். எனவே 2020-க்கு முந்தைய கார்ப்பரேட்டர் வண்டி மட்டும் என்று வைப்பதுதான் நல்லது. செகண்ட் ஹேண்டில் அதுதான் மலிவு. சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

முக்கால் போர் போட்டவன் கதி என்ன?

விதி எழுதும் பெரிய மனிதர்கள் வழக்கமாக சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்பிளெண்டர் பிளாக்கின் உள் விட்டம் 50 மில்லி மீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் தூரம் 49.5 மில்லி மீட்டர். வண்டி ஓடி ஓடி பிளாக் தேய்ந்து புகை கக்கினால் லேத் பட்டறையில் கொடுத்து ‘போர் போடுவது’ வழக்கம். கால், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு அளவில் பெரிய பிஸ்டன் விற்கிறார்கள். அதாவது 0.25 மில்லியில் தொடங்கி 1 மில்லி வரை.

இப்போது கணக்கை பாருங்கள். அரை போர் போட்டால் என்ஜின் 99.1 சிசி ஆகும். முக்கால் போட்டால் 100.1 சிசி. ஒன்று போட்டால் 101.1 சிசி.

‘100 சிசிக்கு மேல் கூடாது’ என்று விதி எழுதினால், முக்கால் போர் போட்டவன் 0.1 சிசியில் வெளியே போவான். அவன் ரேசுக்காக போர் போடவில்லை. ஏழு வருஷம் பால் ஊற்றி பிளாக் தேய்ந்து போனதால் போட்டான். புது பிளாக் வாங்கி மாட்டிக்கொண்டு வா என்று அவனிடம் சொன்னால் அது யாருக்கான கிளாஸ்?

எல்லையை 102 சிசி என்று வைத்துவிட்டால் இந்த பிரச்சினையே இல்லை. ஒன்று போர் போட்டவனும் வரலாம். அதற்கு மேல் பெரிய பிளாக் மாட்டி 110, 120 என்று தள்ளுபவன் மட்டும் மாட்டுவான். ஒன்று போர் போட்டவனுக்கு 4 சதவீதம் சிசி கூடுதலாக கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அது பட்டறைக்கூலியோடு முடிகிற சமாசாரம், வேண்டுமானால் எவனும் போட்டுக்கொள்ளலாம். காசு உள்ளவனுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையைத்தான் விதி தடுக்க வேண்டும்.

மருந்துக்கடை சிரிஞ்ச் போதும்

என்ஜினில் திருட்டு வேலை பார்க்கும் இடங்கள் அதிகம் இல்லை. ஹெட்டை உரசுவது, கேம் மாற்றுவது, பெரிய கார்ப்பரேட்டர் மாட்டுவது, கிராங்க் மாற்றி ஸ்ட்ரோக்கை கூட்டுவது. பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

இதில் ஹெட் உரசுவது கண்ணுக்கு தெரியாது. பழைய மாடல் ஸ்பிளெண்டரில் அமுக்க விகிதம் ஒன்பதுக்கு ஒன்று. அதாவது பிஸ்டன் முழுதாக மேலே வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிச்சம் இருக்கும் இடம் சுமார் 12 சிசிதான். ஹெட்டை லேத்தில் அரை மில்லி உரசினால் அந்த இடத்தில் சுமார் 1 சிசி குறையும். விகிதம் 9.7 ஆக எகிறும். வண்டியின் இழுவை கூடும்.

இதை பிடிப்பதற்கு லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். பிஸ்டனை மேலே நிறுத்தி, வண்டியை சாய்த்து, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக மருந்துக்கடை சிரிஞ்ச்சில் ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும். எத்தனை சிசி பிடிக்கிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிளக் ஓட்டை பிடிக்கும் அளவையும் சேர்த்து, கை படாத நல்ல என்ஜின் ஒன்றை முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிட குறைவாக பிடித்தால் தகுதி இல்லை என்று எழுதிவிடலாம். அதே மாடல் வண்டியைத்தான் அளவாக வைக்க வேண்டும். பின்னால் வந்த மாடலில் கம்பெனியே விகிதத்தை 9.9 வரை கூட்டியிருக்கிறது. அதற்கு தனி அளவு.

கார்ப்பரேட்டருக்கு இன்னும் சுலபம். ஒரு இரும்பு குண்டூசி செய்துகொண்டால் போதும். சரியான வாய்க்குள் அது நுழையாது. நுழைந்தால் வாய் பெரிசு, வண்டி வெளியே. படித்தவர், படிக்காதவர் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். எதிராளியும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு விதியை ஓடுதளத்தில் வைத்து பத்து நிமிஷத்தில் சோதிக்க முடியாது என்றால், அந்த விதி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

கேம்தான் கொஞ்சம் தலைவலி. மூடியை கழற்றி, வால்வு எத்தனை மில்லி இறங்குகிறது என்று டயல் கேஜ் வைத்து பார்க்க வேண்டும். எல்லா வண்டிக்கும் செய்ய நேரம் போதாது. இறுதி சுற்றுக்கு வந்த நான்கு வண்டிக்கு மட்டும் செய்தால் போதும்.

மெத்தனால் பேச்சே கூடாது

வெளிநாட்டு டிராக் ரேசில் மெத்தனால் ஊற்றி ஓட்டும் கார்களுக்கே தனி கிளாஸ் உண்டு. பெட்ரோலைவிட என்ஜினை குளிர்ச்சியாக வைக்கும், அதிக அமுக்கத்தை தாங்கும் என்பதால் அங்கே அதற்கு கிராக்கி.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்த பேச்சை எடுக்கவே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்கு கண் பார்வை போனது. ‘ரேசுக்கு வாங்கினோம்’ என்று ஒரு கேன் மெத்தனால் இந்த மாவட்டத்துக்குள் நடமாட ஒருவரும் வழி செய்துவிடக்கூடாது.

விதி ஒரே வரிதான். ரேஸ் நடத்துபவர் ஒரே பம்பில் பெட்ரோல் வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் டேங்கை காலி செய்துவிட்டு அங்கே ஒரு லிட்டர் வாங்கி ஊற்றிக்கொள்ள வேண்டும். 200 மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். இப்போது பம்ப் பெட்ரோலிலேயே 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துதான் வருகிறது. கரும்பில் இருந்தும் அது தயாராகிறது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு கரும்பு வெட்டி அனுப்புகிற சனத்துக்கு இது புது செய்தி இல்லை. எத்தனால் வேறு, மெத்தனால் வேறு என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

ஒல்லிப் பையனுக்கு ஈயக்கட்டி

என்ஜினை பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஓட்டுகிற ஆளை மறந்துவிடுவோம். ஸ்பிளெண்டர் எடை சுமார் 112 கிலோ. அதில் 50 கிலோ பையன் உட்கார்ந்தால் 162 கிலோ. 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் 192 கிலோ. ஒரு சிப்பம் அரிசிக்கும் மேலே எடை வித்தியாசம்!

8 குதிரைத்திறன் என்ஜினுக்கு இது பெரிய பாரம். கால் மைல் தூரத்தில் கணக்குப்படி ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் வரும். டிராக் ரேசில் கால் நொடியே பெரிய தூரம். அதனால் ஆளும் வண்டியும் சேர்த்து குறைந்தபட்சம் 180 கிலோ என்று வைக்கலாம். குறைந்தால் ஈயக்கட்டியை வண்டியில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது ஆகாது. எடை பார்க்க நெல் மண்டியில் இருக்கும் மேடைத் தராசே போதும்.

இந்த விதியால் இன்னொரு லாபமும் உண்டு. எடையை குறைக்கிறேன் என்று சேசிசை அறுப்பது, பிரேக் டிரம்மை குடைவது, இப்படி உயிருக்கு உலை வைக்கும் வேலைகளில் இறங்க யாருக்கும் மனசு வராது. அறுத்தாலும் ஈயம்தானே கட்ட வேண்டும்!

மாருதி என்ஜினில் பிறந்த ரேஸ் கார்

மலிவான என்ஜினை வைத்து நல்ல ரேஸ் நடத்த முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் கோவையை பார்க்கலாம்.

கோவையை சேர்ந்த எஸ்.கரிவரதன் 1980-களின் கடைசியில் ஒரு வேலை செய்தார். ரேஸ் கார் என்றாலே வெளிநாட்டு சாமான் என்று இருந்த காலம். அவர் தெருவில் ஓடும் மாருதி 800 காரின் 796 சிசி என்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் காரில் பொருத்தினார். அதுதான் பார்முலா மாருதி. எல்லோருக்கும் அதே மூன்று சிலிண்டர் என்ஜின். சாமான் உள்ளூர் கடையில் கிடைக்கும்.

அந்த கிளாசில் ஓட்டிப் பழகிய கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். சென்னையை சேர்ந்த கருண் சந்தோக்கும் பார்முலா மாருதி ஓட்டியவர்தான். 2010-ல் அவரும் பார்முலா ஒன் போனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. மாருதி என்ஜினாக இருந்தாலும் கார் ரேஸ் கூலி வேலை செய்பவனுக்கு எட்டாது. ஆனால் வழி அதுதான். ஊரில் எது மலிவோ அதை வைத்து கிளாஸ் அமை, எல்லோருக்கும் ஒரே என்ஜின் கொடு.

முதலில் வந்தவன் தோற்பானா?

அமெரிக்காவில் இன்னொரு முறையும் உண்டு. என்ஜின் விதியே கிடையாது. ஓட்டுபவர் தன் வண்டி இத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னாலேயே விளக்கு எரியும். எழுதிக்கொடுத்ததைவிட வேகமாக ஓடினால் அவுட். பிராக்கெட் ரேசிங் என்று பெயர்.

செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவு கிடையாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வைத்துக்கொண்டு புல்லட்டோடு மோதலாம். ஆனால் நம்ம ஊரில் ஒரு சிக்கல். முதலில் கோட்டை தாண்டியவனை தோற்றவன் என்று மைக்கில் அறிவித்தால் கூட்டம் சும்மா இருக்குமா? அடுத்த நிமிஷம் அடிதடிதான். யார் முதலில் வந்தாரோ அவர் ஜெயித்தார் என்பதுதான் இங்கே எடுபடும்.

மெக்கானிக் கைக்கு வேலை வேண்டும்

எல்லாவற்றையும் பூட்டி சீல் வைத்துவிட்டால் அதுவும் தப்பு. கார்ட் பந்தயத்தில் ரோட்டாக்ஸ் என்ற கம்பெனி என்ஜினுக்கு சீல் வைத்துத்தான் கொடுக்கிறது. பெரிய இறுதிப் போட்டியில் யாருக்கு எந்த என்ஜின் என்று குலுக்கல் போடுவார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே ஊர் மெக்கானிக்குக்கு என்ன வேலை? 

ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை, சங்கராபுரம் பக்கம் இருக்கும் மெக்கானிக் கடைகளில் பத்தாவது படித்த பையன்கள் காதால் கேட்டே டைமிங் சொல்வார்கள். அந்த திறமைக்கு கிளாசில் இடம் வேண்டும். அதனால் காசு குறைவாகவும், மூளை அதிகமாகவும் பிடிக்கும் சாமான்களை திறந்து விடலாம்.

செயின் ஸ்பிராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு பல் கூட்டினால் கிளம்பும்போது வண்டி எகிறும். ஆனால் கோட்டுக்கு முன்னாலேயே மூச்சு வாங்கும். குறைத்தால் கிளம்பும்போது சொதப்பும், கடைசியில் பிய்க்கும். 200 மீட்டருக்கு எது சரி என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கார்ப்பரேட்டர் ஜெட், டயர் காற்று, கிளட்ச் ஸ்பிரிங், சைலன்சர் இவையும் அப்படித்தான். சைலன்சருக்கு மட்டும் சத்தத்துக்கு ஒரு அளவு வைத்துவிட வேண்டும்.

ஜெயித்த என்ஜினை விலைக்கு கேட்கலாம்

இத்தனை விதி வைத்தாலும் காசுக்காரன் சந்து கண்டுபிடிப்பான். பத்து பிஸ்டன் வாங்கி எடை பார்த்து ஒன்றை பொறுக்குவான். வெளியூர் நிபுணரை கூட்டி வந்து ஹெட்டை மெருகேற்றுவான். இதை எந்த கேஜ் வைத்தும் பிடிக்க முடியாது.

இதற்கு அமெரிக்காவில் மண் ஓடுதள கார் பந்தயம் நடத்தும் ஐ.எம்.சி.ஏ. என்ற அமைப்பு ஒரு தந்திரம் வைத்திருந்தது. ரேஸ் முடிந்ததும், தோற்றவர் ஒருவர் குறிப்பிட்ட தொகையை கட்டி ஜெயித்தவரின் என்ஜினை கேட்கலாம். ஜெயித்தவர் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் பரிசு போச்சு. அப்புறம் எவன் லட்சக்கணக்கில் என்ஜினில் கொட்டுவான்? கொட்டினால் அடுத்தவன் சல்லிசாக அள்ளிக்கொண்டு போவான்.

இதை அப்படியே இங்கே கொண்டு வர முடியாது. நம் நாட்டில் என்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. முழு என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். ஆனால் நம்பர் இருப்பது கீழ்ப்பகுதியில்தான். மேலே இருக்கும் பிளாக், பிஸ்டன், ஹெட், கேம் நான்கையும் மட்டும் விலைக்கு கேட்கலாம் என்று வைத்தால் பிரச்சினை இல்லை. அரை நாளில் கழற்றி மாட்டிவிடலாம். தொகையை கடையில் புது சாமான் விலையைவிட கொஞ்சம் கூடுதலாக வைத்தால், நேர்மையாக ஜெயித்தவனுக்கும் நஷ்டம் இல்லை.

‘என் கையால் செய்ததை எவனோ தூக்கிப் போவதா’ என்று மெக்கானிக்குக்கு மனசு வலிக்கும். வாஸ்தவம்தான். அதனால் ஒரு ஆளுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தலாம்.

எங்கே விடுவது?

ரோட்டில் விட்டால் மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவு பாயும். 2019 திருத்தப்படி முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் ஒரு வருஷம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம். 18 வயது ஆகாத பையன் என்றால் வண்டியை கொடுத்த அப்பாவுக்கு 3 வருஷம் வரை ஜெயிலும், ரூ.25 ஆயிரம் அபராதமும் காத்திருக்கிறது. ரேசுக்காக என்ஜினை மாற்றிய வண்டியை அப்படியே ரோட்டில் ஓட்டினாலும் கேஸ்தான். டெம்போவில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

அதே 189-வது பிரிவில், மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் கூடாது என்றுதான் இருக்கிறது. சம்மதம் இருந்தால் நடத்தலாம். 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலை சுற்றி பார்முலா 4 கார் பந்தயம் நடந்தது அப்படித்தான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் களைகட்டியது. அதே போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், உளுந்தூர்பேட்டையில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டி ஏற்றிப் போக ரிஷிவந்தியத்தில் இருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் ஆகும். டெம்போ வாடகையே என்ஜின் செலவை தாண்டும். உள்ளூரில் இடம் கிடைத்தால்தான் இந்த கிளாசுக்கு உயிர். அரசு அனுமதி, சம்மேளனத்தின் ஒப்புதல், ஆம்புலன்ஸ், கூட்டத்தை தள்ளி நிறுத்தும் தடுப்பு இத்தனையும் இருந்தாக வேண்டும். ஓட்டுபவர் கையில் கட்டிய கயிறு இழுபட்டால் என்ஜின் தானாக அணையும் சுவிட்சும் கட்டாயம். 200 மீட்டர் ஓட்டத்துக்கு நிறுத்த இன்னும் 300 மீட்டராவது காலி இடம் வேண்டும்.

சந்தேகம் என்றால் பணம் கட்டு

கடைசியாக ஒரு சின்ன விதி. சின்னதுதான், ஆனால் இது இல்லாவிட்டால் ரேஸ் முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர முடியாது.

தோற்றவன் எல்லாம் ‘அவன் என்ஜினில் கள்ளம் இருக்கு, பிரி’ என்று கத்துவான். சும்மா கத்தினால் பிரிக்கக்கூடாது. சந்தேகப்படுபவர் ரூ.2 ஆயிரமோ, ரூ.3 ஆயிரமோ, தீர்மானித்த தொகையை மேஜையில் வைக்க வேண்டும். இரண்டு தரப்பும் பார்க்க என்ஜின் ஹெட்டை கழற்ற வேண்டும். கள்ளம் இருந்தால் கட்டியவருக்கு பணம் திரும்பும், ஜெயித்தவர் அந்த வருஷம் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதான். கள்ளம் இல்லை என்றால் அந்த பணம் வண்டிக்காரருக்கு சேரும். அவர் புது பேக்கிங், ஆயில் வாங்கி, மெக்கானிக் கூலியும் கொடுத்து, திங்கட்கிழமை காலை பால் ஊற்ற அதே வண்டியில் கிளம்ப வேண்டுமே.